சீருடை போடாத குருவிகள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கையைத் தட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடிவந்தார். தீனித் தட்டில் உட்கார்ந்திருந்த நான்கு பழுப்புக் குருவிகளும் வேலியைத் தாண்டிப் பறந்தன.

"மார்பில சிவப்பு இல்லாததுக்கெல்லாம் இங்க என்ன வேலை?" என்று குருவிகளிடமே கேட்டார்.

தட்டு ராபின் குருவிக்காக வைத்தது. ராபின் என்றால் மார்பு செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். பறவைப் புத்தகத்தின் அட்டையிலேயே அப்படித்தான் படம் போட்டிருந்தது. அட்டையைத் தாண்டி உள்ளே போக வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

சனிக்கிழமை பறவைச் சங்கத்து அம்மா பார்வையிட வருவதாக இருந்தது. ராபின் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்த வீட்டுக்கு 'ராபின் வளர்ந்த தோட்டம்' என்று ஒரு போர்டு கொடுப்பார்கள். தெருவில் யாருக்கும் அது கிடைத்ததில்லை. இவர் தோட்டத்திலோ, வேலியோரம் சாய்ந்து கிடந்த பழைய பூவாளிக்குள் ஒரு ஜோடி ராபின் கூடு கட்டியிருந்தது. போர்டு மாட்டுவதற்காக அவர் கேட்டில் இரண்டு ஓட்டைகூடப் போட்டு வைத்துவிட்டார்.

கண்டிப்பு அவருக்குக் கூடப்பிறந்தது. இருபத்திரண்டு வருடம் பள்ளியின் முன்கேட்டில் அவரே நின்றார். சீருடை இல்லாமல் வந்தால் எந்தக் கொம்பன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கண்டிப்பின் பலன் என்று அவர் சொல்லிக்கொள்ளும் ஒன்பது கேடயங்கள் கூடத்து அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் 'நூறு சதவீத வருகை' என்று பொறித்திருந்தது. காலையில் பல் துலக்கியதும் அவற்றைத் துடைப்பதுதான் அவருடைய முதல் வேலை.

பக்கத்து வீட்டுக்காரர் அதே பள்ளியில் மணியடித்தவர். அவருடைய தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் தலைமையாசிரியருக்குப் பற்றிக்கொண்டு வரும். உதிர்ந்த இலைகள் உதிர்ந்த இடத்திலேயே கிடந்தன. தினமும் காலையில் மனிதர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் மண்ணைக் கிளறுவார். ஒரு செடியும் நட்டதில்லை.

"என்னப்பா போடப் போற?" என்று ஒருமுறை வேலிக்கு மேலே எட்டிக் கேட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார். சும்மா."

தலைமையாசிரியருக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை அதுதான்.

இதற்கிடையில் இரண்டு வாரமாக அந்த ராபின் ஜோடியையே காணோம். விலை கூடிய காய்ந்த புழு வாங்கி வைத்தார். தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினார். பழுப்புக் குருவிகளை இன்னும் சுறுசுறுப்பாக விரட்டினார்.

சனிக்கிழமை வந்த சங்கத்து அம்மா பூவாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். குஞ்சுகள் நல்லபடியாகப் பறந்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு, அவை தட்டுக்கு வருகின்றனவா என்று கேட்டார்.

"ஒண்ணுகூட வரலைங்க. பழுப்பா, உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா நாலு திருட்டுக் குருவிதான் வரும். ஒரு நாளும் அதுங்களை நான் உட்கார விட்டதில்லை" என்றார் தலைமையாசிரியர் பெருமையாக.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"சார், ராபின் குஞ்சுக்கு மார்பு சிவப்பா இருக்காது. இறகு மாறி சிவப்பு வர ரெண்டு மூணு மாசம் ஆகும். நீங்க விரட்டினது உங்க ராபினோட பிள்ளைங்களைத்தான்."

தலைமையாசிரியர் முகம் செத்துப்போயிற்று. இத்தனை நாள் அவை பட்டினி கிடந்திருக்குமே என்று நிஜமாகவே பதறினார். போர்டு கொஞ்ச நேரம் அவருக்கு மறந்தே போனது.

பக்கத்து வீட்டில் மண்வெட்டி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

மணியடித்தவர் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் காலுக்குப் பின்னாலேயே நான்கு புள்ளிக் குருவிகள் வெளியே வந்த புழுக்களைக் கொத்திக்கொண்டிருந்தன. இரண்டு சிவப்பு மார்புகளும் இலைச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன.

"அப்போ போர்டு இவருக்குத்தான் போகணும்" என்றார் சங்கத்து அம்மா.

மணியடித்தவர் நிமிர்ந்தார்.

"வேண்டாம்மா. கூடு சார் தோட்டத்துல. பிள்ளைங்களும் சார் வீட்டுப் பிள்ளைங்கதான். இங்க சாப்பிட்டுட்டுப் போகுதுங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மாவும் அப்படியே எழுதிக்கொண்டு போர்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். ஓட்டைகள் அளவாகப் பொருந்தின.

தலைமையாசிரியர் வேலியருகே போய் நின்றார்.

"தெரிஞ்சும் ஏம்ப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா சார்? நீங்க விரட்டுவீங்க, நான் கூப்பிட்டுக்குவேன். எனக்கு இது பழக்கந்தானே."

"என்ன பழக்கம்?"

மணியடித்தவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"ஸ்கூல்ல முன்கேட்ல நீங்க திருப்பி அனுப்பின பிள்ளைங்க எல்லாம் பின்கேட்டுக்கு வந்துடுவாங்க சார். மணி ரூம்ல பழைய யூனிஃபார்ம் ஒரு மூட்டை கட்டி வச்சிருந்தேன். ஆளுக்கு ஒண்ணு மாட்டி உள்ள அனுப்பிட்டுத்தான் ரெண்டாவது மணியே அடிப்பேன்."

தலைமையாசிரியர் வீட்டுக்குள் வந்தார். காலையில் துடைத்த கேடயங்களையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். மூன்றாவது கேடயத்தில் கை நின்றது.

தினமும் ஏழெட்டுப் பேரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிய பள்ளிக்கு நூறு சதவீத வருகை எப்படி வந்தது என்று அவர் அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.