பூவம்மாவின் சீசா

கண்ணாடிக்குள் கல் உருளும் சத்தம். கிலுக், கிலுக். ஐம்பத்து மூன்றாம் வருஷம் கேட்டது. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. நான் அங்கே புது டாக்டர். ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போனவர்கள் காயத்தைக் காட்ட வந்திருந்தார்கள்.

பெஞ்சில் காசிமேட்டு மீன்காரி பூவம்மா. கையில் பென்சிலின் சீசா. உள்ளே பித்தப்பைக் கல். எடுத்த கல்லை நோயாளியிடமே கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம்.

பக்கத்தில் அதே தெருவைச் சேர்ந்த சாபிரா, மாமியாரோடு. இருவருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"இன்னாமே சாபிரா, உன்து எங்க? வவுத்தக் கீசுனாங்கோ, கல்லக் காணோமே."

"ஒண்ணும் இல்லன்ட்டாங்கக்கா."

"இல்லாத நோவுக்கா கட்டில்ல படுத்துகினு கஞ்சி குடிச்சே?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

மாமியாருக்கு அது போதுமாக இருந்தது. "கொழாயாண்ட போவணும்னா வலிக்கும் இவளுக்கு. பாத்திரம் தொலக்கணும்னா வலிக்கும். தூங்கசொல்ல மட்டும் வலிக்காது. எம்புள்ளயும் நம்பிட்டான் பாரு."

சாபிராவை உள்ளே அழைத்துப்போய்க் கட்டைப் பிரித்தேன். தையல் ஓரம் விட்டு, சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"குடம் தூக்கினியா?"

"நோவு இல்லாதவதான டாக்டரம்மா. தூக்கித்தான ஆவணும்."

"உன் மாமியாரைக் கூப்பிடறேன். உள்ளதைச் சொல்லிடறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அது வாயில வுழுந்தா தெருவுக்கே தெரிஞ்சிடும். பூவம்மாக்கா காதுக்குப் போயிடும்."

வெளியே கிலுக், கிலுக்.

பூவம்மாவின் வயிற்றைத் திறந்த அன்று ஈரலை விலக்கிப் பிடித்திருந்தவள் நான்தான். அடியில் பித்தப்பை, கத்திரிக்காய் மாதிரி உப்பிப் பளபளத்தது. உள்ளே கல் இல்லை. பெரிய டாக்டர் பித்தக்குழாயை விரலால் தடவிக்கொண்டே கீழே போனார். அது குடலுக்குள் நுழையும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. கெட்டியான கட்டி. பின்னால் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக் கிடந்தது. எடுக்க வழியில்லை.

பையைக் குடலோடு சேர்த்துத் தைத்தார். பித்தம் அந்த வழியாக இறங்கும். காமாலை மஞ்சள் போகும், அரிப்பு நிற்கும், சில மாதம் ஓடும். அவ்வளவுதான்.

வராந்தாவில் அவள் புருஷனிடம் இதைச் சொன்னோம். அவன் அழுதது வார்டுக்குள் கேட்டது. பூவம்மாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. காலையிலேயே ஆபரேஷன் ஆகிவிட்ட சாபிரா விழித்துக்கொண்டிருந்தாள். என்னை அருகில் கூப்பிட்டாள். நான் சற்றுமுன் கொடுத்திருந்த சீசாவைத் தலைமாட்டிலிருந்து எடுத்துத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"முழிச்சதும் கல்லத் தேடும். இத்த அதுங்கிட்ட குட்த்துடுங்க."

பூவம்மா ஐப்பசியில் செத்தாள். கடைசிவரை கையை விட்டு இறக்காத பொருள் என்று சீசாவையும் அவளோடு புதைத்தார்கள்.

அதற்கு முன்பே, பொய் நோவுக்காரி என்று, சாபிராவை எண்ணூரில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.