நிறுத்தச் சொன்னவர்

"நான் நிறுத்துன்னா நிக்கணும்! என் ஆபீஸ்ல எனக்கு அடங்காத புரோகிராமா?" கெய்ரோ அலுவலகமே அதிர மேலாளர் வஜ்தி கத்தினார்.

"கண்ட்ரோல்-சி மாதிரி நிறுத்தச் சொல்ற சிக்னல்களை எல்லாம் ஒரே செட்டாச் சேர்த்து, ஃபைலை எழுதி முடிக்கிற வரைக்கும் தடுத்து வச்சிருக்கேன், உஸ்தாத். பாதியில நின்னா ஃபைல் பாழாயிடும்" என்றாள் அந்தப் புரோகிராமை எழுதிய ஹனாதி.

"எனக்கே பாடமா, இன்ஜினியரம்மா? செட்டைக் காலி பண்ணு. இல்லைன்னா வேலையை விட்டுப் போ!"

அவள் காலி செய்தாள். வஜ்தியே புரோகிராமை ஓடவிட்டு, நடுவில் கண்ட்ரோல்-சி தட்டினார். சட்டென்று நின்றது.

"பாத்தியா? இப்படி நிக்கணும்!"

"நின்னுடுச்சு உஸ்தாத். ஃபைலும் போச்சு."

"போகட்டும். எந்த ஃபைல்?"

"மாசக்கணக்கா நீங்க தயார் பண்ணின குடிநீர்க் குழாய் வரைபடம். நாளைக்கு அமைச்சர்கிட்ட காட்டப் போறீங்களே, அது."