உரிக்க மறந்த தாள்

புதுக் கம்ப்யூட்டரின் பாகங்களைப் பொருத்திய அவசரத்தில், அதன் மூளையான பிராசசருக்கும் அதைக் குளிரவைக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டார் வீட்டுக்காரர்.

"தொண்ணூறு டிகிரி தாண்டிட்டேன், வேகமாச் சுத்துப்பா!" என்று பிராசசர் கத்தியது.

"இதுக்கு மேல என்னால முடியாது. உன் சூடு என்கிட்ட வரவே இல்லையே!" என்று கட்டியின் மேலிருந்த ஃபேன் அலறியது.

"எப்படி வரும்? என்னைத் தாண்டித்தானே வரணும்! நான் இருக்கிற இடம் அப்படி" என்றது தாள், மிடுக்காக.

இரைச்சல் தாங்காத வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். தாளை உரித்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். சூடு இறங்கியது. ஃபேன் ஓசையில்லாமல் சுற்றத் தொடங்கியது.

கூடையில் கசங்கிக் கிடந்த தாள், அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டது. பிறகு பக்கத்திலிருந்த வாழைப்பழத் தோலிடம் பெருமையாகச் சொன்னது:

"பாத்தியா? நான் கிளம்பினதும் அங்க வேலையே நின்னுபோச்சு!"