பச்சைச் சட்டைக்காரி

சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷனைத் துரத்திக்கொண்டிருந்தாள் அவள். எழுபத்தாறு வயதில் வேவு பார்ப்பது லேசான வேலையில்லை. தூணுக்குத் தூண் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

முன்னால் அவர். கூடவே அந்தப் பச்சைச் சட்டைக்காரி; ஐம்பதுகூட இருக்காது. அவர் ஏதோ சொல்ல, அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் இந்த மனுஷன் அடித்த ஜோக்குக்கு நாய்கூட வாலாட்டியதில்லை.

எல்லாம் அறுவை சிகிச்சை டாக்டர் பேசிய நாளில் ஆரம்பித்தது. அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். மாற்றாமல் விட்டாலும் ஆபத்து, இந்த வயதில் நெஞ்சைத் திறப்பதும் ஆபத்து. எது பெரியது என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன் என்றார்.

கைவிரித்துவிட்டார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எழுப்பி நடக்கவைக்க வந்தவர்களெல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

மறுவாரமே புருஷன் வழுவழுவென்று சவரம் செய்து, சென்ட் அடித்துக்கொண்டு, சும்மா காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கதவைக்கூடச் சாத்தவில்லை. வெளியே பச்சைச் சட்டை காத்துக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேருவதற்குள் ஆள் பார்த்துவிட்டாரா? அன்று கதவு வரை எழுந்து வந்தாள். அப்புறம் நர்சுகள் உட்காரும் மேஜை வரை. நேற்று லிஃப்ட் வரை. இன்று வராந்தாவின் கடைசி வரை விடுவதாக இல்லை.

விசித்திரம் என்னவென்றால், அவள் நின்றால் அவர்களும் நின்று பேசினார்கள். அவளுக்கு மூச்சு அடங்கிய பிறகுதான் நகர்ந்தார்கள். பச்சைச் சட்டைக்காரி அடிக்கடி கைக்கடிகாரத்தை வேறு பார்த்துக்கொண்டாள். இவளுக்கும் வீட்டில் ஒருத்தன் காத்திருப்பான் போல என்று பின்னால் நின்றவள் பல்லைக் கடித்தாள்.

கடைசி அறைக்குள் இருவரும் நுழைந்தார்கள். பின்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே மேஜைக்குப் பின்னால் அறுவை சிகிச்சை டாக்டர்.

வந்ததும் நல்லதாயிற்று. "டாக்டர், எனக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க. செத்தா சாகுறேன். பிழைச்சேன்னா இந்தாளை ஒரு கை பார்க்கணும்."

டாக்டர் நிமிர்ந்து பச்சைச் சட்டைக்காரியைப் பார்த்தார்.

"நேத்து லிஃப்ட்டோட நின்னவங்க, இன்னைக்கு இவ்வளவு தூரம் தனியாவே வந்துட்டாங்க டாக்டர். மூச்சும் சீக்கிரமே அடங்குது."

"அப்ப இந்த உடம்பு தாங்கும். கத்தியை எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

அவள் மாறி மாறி மூன்று முகங்களையும் பார்த்தாள். புருஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து அவளை மெல்ல உட்காரவைத்தார்.

"உன்னை நடக்கவைக்க வந்தவங்களைத்தான் நீ விரட்டிடுவியே. அதான் இவங்களை என்கூட நடக்கச் சொன்னேன்."