இடது பக்கத் தையல்

அம்மாவின் கார் வளைவில் மறைந்ததும் தூருன் பிளேடை எடுத்தாள். மாடி அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் பூனாட் என்ற பாரம்பரிய உடுப்பிலிருந்து மேல்சட்டையை மட்டும் உருவி, உள்பக்கம் தெரியும்படி புரட்டினாள். பெற்றவள் பொருளில் கள்ளத்தனமாகக் கை வைக்கிறோமே என்று உறுத்தியது. கை மட்டும் நிற்கவில்லை.

தேசிய தினமான மே பதினேழாம் தேதி ஊர்வலத்தில் பூனாட் உடுத்தாமல் வொஸ் ஊர்ப் பெண்கள் நடக்கமாட்டார்கள். கைத்தையலில் புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டுமானால் மாதக்கணக்கில் வாயைக் கட்ட வேண்டும். தூருன் அதற்கு வழியில்லாமல், எங்கோ தொழிற்சாலையில் தைத்த மலிவுப் பூனாட் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தாள்.

போன வருஷம் சர்ச் முன்னால் வரும்போது அது விலாப்பக்கம் பர்ரென்று விட்டுக்கொண்டது. அடுத்தவள் பூனாட்டில் குறை கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருக்கும் பெண்கள் எந்த ஊரில்தான் இல்லை? அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவள் காதில் இருக்கிறது. தங்கை ராக்னாதான் தன் சால்வையை அக்கா மேல் சுற்றி, வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டே நடந்து வந்தாள். இனிமேல் ஊர்வலமே வேண்டாம் என்று தூருன் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் அம்மா தன் பூனாட்டைக் கொடுத்துவிடுவதாக அறிவித்தாள். பெட்டியில் கிடந்து கிடந்து அது சுருங்கிப்போய்விட்டதாம். உண்மையில் எது பெருத்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

பூனாட் ஒன்று, பெண்கள் இரண்டு. சண்டை வரக்கூடாதென்று அம்மா ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போட்டுப் பாருங்க. யாருக்குப் பொருந்துதோ அவ எடுத்துக்கட்டும். கத்தரி, ஊசி எதுவும் அதுமேல படக்கூடாது."

போட்டுப் பார்க்கவே தேவையில்லை. ராக்னா இளவயது அம்மாவை உரித்து வைத்தவள். தூருனோ அப்பாவைப் போல அகன்ற உடம்புக்காரி.

ஆனால் அந்தக் காலத்தில் தைத்தவர்கள், பெண் என்றால் பிள்ளை பெறுவாள், பருப்பாள் என்று யோசித்து, இரண்டு விலாவிலும் துணியைத் தாராளமாக உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள். பிரித்துத் தைத்தால் தூருனுக்கும் சேரும். இடது பக்கத்தைப் பிரித்து, அதே கறுப்பு நூலில் தள்ளித் தைத்து முடித்தாள். பிளேடை வலது பக்கம் வைக்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. சட்டையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

மாலையில் பெர்கன் நகரத்திலிருந்து ராக்னா வந்துவிட்டாள். எப்போதும்போல அந்த மாடி அறையில்தான் படுக்கை. இனிமேல் அங்கே போக வழியில்லை. பாவமும் செய்தாயிற்று, பலனும் இல்லை என்று தூருன் கீழே புரண்டுகொண்டிருந்தாள்.

காலையில் ராக்னா கொட்டாவி விட்டபடி பூனாட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மெத்தையா அது, கல்லு மூட்டை என்று அம்மாவைக் கேலி செய்துகொண்டே சட்டையை மாட்டினாள். அது அவள் மேல் சாக்கு மாதிரி தொங்கியது.

"ஏன்டி, பெர்கன்ல சோறு தண்ணி கிடைக்கலையா?" என்றாள் அம்மா.

அடுத்து தூருன் மாட்டினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கிகளைப் போட்டாள். எல்லாம் சேர்ந்துகொண்டன, மூச்சை விட்ட பிறகும் ஒன்றும் தெறிக்கவில்லை. அவளாலேயே நம்ப முடியவில்லை.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுதான் அந்தக் காலத்துத் துணி. உடம்புக்குத் தகுந்தமாதிரி இடம் கொடுக்கும். இப்ப தைக்கறானுங்களே, தும்மினா கிழியுது."

ராக்னா கைதட்டினாள். தானே முன்னால் வந்து வெள்ளி அலங்கார ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்திவிட்டு, இந்த வருஷம் ஊர்வலத்தில் என் அக்காதான் முதல் வரிசை என்றாள். அந்த விரல்கள் கழுத்தில் பட்டபோது தூருனுக்குக் கூசியது. அதற்குள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு, பழைய தையலின் மகிமையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சமையலறையில் அக்கா காபிக் கோப்பைகளைக் கழுவ, தங்கை துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் தூருனால் அடக்க முடியவில்லை.

"அது உன்னோடது ராக்னா. நான் திருடி. நேத்து யாருக்கும் தெரியாம தையலைப் பிரிச்சு விட்டேன்."

ராக்னா நிமிரவில்லை. "இடது பக்கம் மட்டும்."

தூருனின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்? அம்மா வந்துட்டாங்க, அதனால அதோட விட்டுட்டேன்."

ராக்னா துடைத்த கோப்பையை அலமாரியில் கவிழ்த்தாள்.

"அதான், வலது பக்கத்தை ராத்திரி நான் பிரிச்சு விட்டேன்."