அமெமியா அவர்கள் உடனே வரவும்

"கனாசாவாவிலிருந்து வந்திருக்கும் அமெமியா அவர்கள், தகவல் மேசைக்கு உடனே வரவும்" என்று கூரை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டபோது, நகைக்கடையில் ஹினாதாவின் விரலில் ஏறிக்கொண்டிருந்த மோதிரம் பாதி வழியில் நின்றது.

"என்ன, சிக்கிக்கிச்சா?" என்றாள் சாயோகோ. "நம்ம கடையிலிருந்து பஜ்ஜி எண்ணெய் கொண்டாந்திருக்கலாம்."

ஹினாதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன், டோஃபு வாங்கி வருகிறேன் என்று கனாசாவாவில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் அவர். இன்னும் திரும்பவில்லை. டோஃபு இல்லாத சூப்பை மனைவி செத்சுகோ என்ன செய்தாளோ தெரியாது. மழை மாளிகை என்று பொருள்படும் அமெமியா என்ற பெயரை ரயிலிலேயே விட்டுவிட்டு, ஒசாகாவில் இறங்கும்போது வெயில் பட்ட இடம் என்று பொருள்படும் ஹினாதா ஆகிவிட்டார்.

சாயோகோவின் உடோன் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், வரும் வசந்தத்தில் மாப்பிள்ளை ஆகப்போகிறார். "முன்னாடி யாரும் இல்லையே? என்ன சொன்னாலும் பொறுத்துப்பேன், பொய் சொன்னா மட்டும் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அவள் ஒருநாள் கேட்டிருந்தாள். "ஒருத்தரும் இல்லை" என்று சொல்லியிருந்தார்.

கடைப் பெண் மோதிரப் பெட்டியைக் காகிதப் பையில் வைத்து, பைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் மாட்டி சாயோகோவிடம் கொடுத்தாள்.

"பாத்தீங்களா, என்ன ஒரு கவனிப்பு" என்றாள் சாயோகோ.

அது ஐம்பத்தேழு மாடிக் கட்டடம். அடியில் ரயில், அதன்மேல் பன்னிரண்டு மாடிக்கு ஜன்னலே இல்லாத கடைகள், அப்புறம் ஆபீஸ், ஆஸ்பத்திரி, வீடுகள், உச்சியில் கல்யாண மண்டபம். உள்ளேயே பிறந்து, கட்டிக்கொண்டு, செத்தும் போகலாம். அத்தனை மாடியையும் இன்று பார்த்தே தீருவது என்று, நல்ல வெயிலில் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள் சாயோகோ.

ஒன்பதாம் மாடியில், பீங்கான் கடையில், கூரை மறுபடி கூப்பிட்டது. கடைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவசரமாக உள்ளே போனாள்.

"கீழே போயிடலாம் சாயோகோ."

"மண்டபம் பாக்க வேணாமா?"

"தலை சுத்துது."

"ஒன்பதுக்கே சுத்துதா? ஐம்பத்தேழுல கல்யாணம்னா உங்களை ஸ்ட்ரெச்சர்லதான் கொண்டு வரணும் போல."

நகரும் படியில் இறங்கும்போது ஹினாதா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரும் துரத்தவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

துரத்தாத காரணம் தரைத்தளத்தில் தெரிந்தது. வாசலில் கூட்டம் வெளியே போகாமல் தேங்கி நின்றது. சீருடைக்காரர்கள் இரண்டு பேர் ஓர் இரும்புச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, வழியை மறிப்பதுபோல் கதவருகே நிறுத்தினார்கள்.

"கனாசாவாவிலிருந்து வந்திருக்கும் அமெமியா அவர்கள்..."

செத்சுகோ அந்த மேசைக்குப் பின்னால் காலிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்று ஹினாதாவுக்குத் தோன்றியது. அவள் வாயால் சாயோகோ கேட்பதற்குள் தன் வாயால் கேட்டுவிடட்டும். நேராகத் தகவல் மேசைக்குப் போய், இடுப்புவரை குனிந்தார்.

"நான்தான் அமெமியா. ஹினாதாங்கிறது பொய். கட்டின பொண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டு ஓடி வந்தவன். செத்சுகோவ கூப்பிடுங்க, இனிமே ஓட மாட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை சரசரத்து, மோதிரப் பை தரையில் விழுந்தது. சாயோகோவின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போயிற்று.

மேசைப் பெண் பதறி எழுந்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மன்னிக்கணும் ஐயா, அப்படி யாரும் கிடையாது. வெளியில மழை பெய்ஞ்சா, பைக்கு உறை மாட்ட, குடைச் சட்டம் வைக்க, கடை ஆளுங்களுக்கு நாங்க சங்கேதமா அப்படித்தான் சொல்லுவோம்."