உள்ளிருந்து தட்டும் சத்தம்

கடலூர் முதுநகரில், வீடில்லாத பிள்ளைகள் தங்கக் கட்டிய விடுதியின் கீழ்த்தளத்தில், அங்கேயே வளர்ந்த செம்பியனின் டீக்கடை இன்று திறக்கிறது. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. சிமெண்டு மூட்டையை இறக்கிவிட்டு நான் டீக்கு நிற்கிறேன். பக்கத்தில் மீன்கூடையோடு சவரியம்மாள். மூடிய ஷட்டரை உள்ளிருந்து டங், டங்கென்று தட்டும் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் நின்று, மறுபடி கேட்கிறது. "என்னாடா, உள்ள மாட்டிக்கிட்டியா?" என்கிறாள் சவரியம்மாள். உள்ளிருந்து செம்பியன், "இல்லக்கா. வெளிய படுத்திருக்கறவன் எழுந்துக்கணும்ல? பஸ் ஸ்டாண்டுல கடை வாசல்ல படுத்துக் கெடந்தப்ப எங்கள இப்பிடித்தான் தட்டி எழுப்புவாங்க." "இங்க எவன்டா படுத்திருக்கான்? போணி பண்ண வந்தவள பயமுறுத்துற. நான் வேற கடைக்குப் போறேன்." இவள் போய்விட்டால், விடுதிப் பிள்ளையின் கடை என்று தெருவே ஒதுங்கிவிடும். கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நிற்கிறாள். வாசல் சிமெண்டுத் தரை பனியில் நனைந்து கறுத்திருக்கிறது. ஷட்டரை ஒட்டி, ஒரு ஆள் முடங்கிப் படுத்த அளவுக்கு மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. ஷட்டர் மேலே ஏறுகிறது. செம்பியன் அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டி, டீ கிளாஸோடு வருகிறான். சவரியம்மாள் குரலைத் தாழ்த்துகிறாள். "மொத டீய அங்க வைடா. போணிய நான் தரேன்." வைக்கிறான். காற்றே இல்லை. கிளாஸிலிருந்து நேராக எழுந்த ஆவி, யாரோ ஊதியதுபோல் ஒரு பக்கம் சாய்கிறது.